மாம்பழக் கலர் அளவு ஜாக்கெட்

ஜூலை 27

எங்கள் ஹெச்.எம்.மின் ஜாக்கெட்டை நான் விற்றுவிட்டேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும். ஆள் இல்லாததால், போன வருடத்து அறிவியல் ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களில் எழுதுகிறேன். வெளியே சாரல். அம்மா தூங்கிவிட்டாள். தையல் மெஷினின் சின்ன விளக்கை மட்டும் போட்டு, அதன் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா புரண்டு படுத்தால்கூட எனக்குத் திக்கென்கிறது.

அம்மா பெயர் பேச்சியம்மாள். எங்கள் தெருவில் பேச்சி டெய்லர் என்றால்தான் தெரியும். அப்பா புனலூரில் ஓட்டல் வேலை பார்க்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத ஜாக்கெட்டுகளை அம்மா கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டைப்பையில் போட்டு வைத்திருந்தாள். சில ஜாக்கெட்டுகள் ஐந்து வருடமாகக் கிடக்கின்றன. போன மாதம், "சும்மா எலி கடிக்கதுக்கு, நீ அந்த போன்ல வித்துத் தொலையேன்" என்றாள். அம்மா போனில் 'கைமாறு' ஆப்பைப் போட்டேன். பழைய பொருளைப் படம் எடுத்துப் போட்டால், எங்கேயோ இருக்கிறவர் வாங்குவார். கூரியர்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துப்போவார். மூன்று விற்றது. நான்காவதாக ஒரு மாம்பழக் கலர் பட்டு ஜாக்கெட். பையில் இருந்ததிலேயே அதுதான் அழகு. கதவுக் கொக்கியில் மாட்டிப் படம் எடுத்தேன். ஒரே நாளில் சேலத்தில் ஒருவர் வாங்கிவிட்டார். முந்தாநாள் பார்சல் போய்விட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் உலகம்மை டீச்சர், அதாவது எங்கள் ஹெச்.எம்., குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். கையில் புதுப் பட்டுச்சேலைப் பை.

"பேச்சி, ஆவணி நாலாம் தேதி மகளுக்கு நிச்சயம். அளவு ஜாக்கெட் உங்கிட்டதான இருக்கு?"

"இருக்கு டீச்சர். பத்திரமா இருக்கு."

"அந்த மாம்பழக் கலரு."

நான் காபித் தம்ளருடன் நின்றுகொண்டிருந்தேன்.

"அதுக்கென்ன டீச்சர், ஒரு தடவ டேப்பு வச்சிப் பாத்துரட்டுமா?" என்றாள் அம்மா.

"டேப்பெல்லாம் எதுக்கு? பன்னெண்டு வருசமா எனக்கு அதே அளவுதான். தைச்சதும் அதையும் பையில வச்சிக் குடுத்துரு. தங்கச்சி வீட்டுல ஒரு டெய்லரு இருக்காளாம், அவளுக்குக் காட்டணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ டென்த் பி தான? குழல்வாய்மொழி. காபி சிந்துது பாரு."

சிந்தியிருந்தது.

ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் அம்மா பெயர்ச் சீட்டைப் பின் போட்டுக் குத்தி வைப்பாள். இதில் சீட்டு எப்படியோ கழன்றிருக்கிறது. சீட்டில்லாதது எல்லாம் கட்டைப்பைக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். நான் என்ன செய்வேன்?

ஜூலை 28

ஸ்கூலில் ஹெச்.எம்.மைப் பார்த்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். பி.டி. டீச்சர் அங்கேயும் வந்து, துப்பட்டாவுக்குப் பின் குத்தாதவர்களை வரிசையில் நிறுத்தினார். நல்லவேளை, என்னிடம் பின் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அனுப்பிய பார்சலை நிறுத்த முடியுமா என்று ஆப்பில் தேடினேன். முடியாது. விற்றவர் மனம் மாறினால் என்ன செய்வது என்று எங்குமே எழுதவில்லை. வாங்கியவருக்குத்தான் எல்லாம். அவர் விலையோடு இருபத்தொன்பது ரூபாய் பாதுகாப்புக் கட்டணம் கட்டுகிறார். பொருள் கைக்கு வந்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் 'குறை இருக்கிறது' என்று அழுத்தினால், கட்டணத்தோடு சேர்த்து முழுப் பணமும் அவருக்குத் திரும்பப் போய்விடும். பொருள் விற்றவருக்கே திரும்பி வரும்.

இதை நான்கு தடவை படித்தேன். குறை சொன்னால் திரும்பி வரும்! விற்கிறவர்கள் எல்லாரும் எதற்குப் பயப்படுவார்களோ, அது நடக்க வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டுவிட்டுப் படுக்கப்போகிறேன்.

ஜூலை 29

பார்சல் சேலத்தில் சேர்ந்துவிட்டது. நாற்பத்தெட்டு மணி நேரம்.

ஜூலை 30

வாங்கியவர் பெயர் ரோஸ்லின். கோயில் விழாக்களிலும் கல்யாணங்களிலும் பாடுகிற மெல்லிசைக் குழுவில் பாடகி. எழுதுவதற்குச் சோம்பல் போல, எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். குளியலறைக்குள் போய்ப் போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன்.

"பாப்பா, ஜாக்கெட்டு வந்துருச்சு. கண்ணாட்டம் இருக்குது. அக்குள்ல டைமண்டு மாதிரி ஒரு துண்டு வச்சுத் தைச்சிருக்குறாங்க பாரு, அது யாரு வேல? மைக்க மேல தூக்கிப் பாடறேன், எங்கயும் புடிக்கல."

அது எதற்கு வைத்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஹெச்.எம். கணக்கு டீச்சர், கரும்பலகையின் உச்சிவரை கை போக வேண்டும். அதற்காக அம்மா வைத்தது.

நான் எழுதினேன்: 'அக்கா, அது பழைய ஜாக்கெட். கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எலி வாசம் வரும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் குறை இருக்கிறது என்று அழுத்துங்கள், கட்டணம்கூடத் திரும்பி வரும்.'

"எலி வாசமா? ஒண்ணும் வரலயே. மல்லிப்பூ வச்சா எல்லாம் போயிரும்."

'இடது கை கொக்கி லேசாக ஆடும்.'

"நாந் தைச்சுக்குவேன் கண்ணு."

'துவைத்தால் சாயம் போகும் என்று நினைக்கிறேன்.'

"மேடைக்குப் போடறத யாரு துவைப்பா?"

கடைசியாக ஒன்று வந்தது. "நானும் எத்தனையோ பேருகிட்ட வாங்கிருக்குறேன். தன் பொருளுக்குத் தானே இத்தன குறை சொல்லற ஒரு ஆள இப்பத்தான் பாக்கறேன். நீ நல்லா இருப்ப."

ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டார். கீழே 'ரொம்ப நேர்மையான பொண்ணு' என்று எழுதியிருக்கிறார்.

ஜூலை 31

இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருக்கும்போதே, எனக்குப் பணம் சீக்கிரம் வரட்டும் என்று ரோஸ்லின் அக்கா 'எல்லாம் சரி' என்பதை அழுத்திவிட்டார். அம்மா போனில் முந்நூற்றைம்பது வந்து விழுந்தது.

"பரவால்லியே, இது என்ன வித்துச்சி?" என்றாள் அம்மா.

"ஏதோ பழசும்மா."

ஆகஸ்ட் 3

அம்மா தேட ஆரம்பித்துவிட்டாள். கட்டிலைத் தூக்கி நிறுத்தினாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பீரோவுக்கு மேலே, லைனிங் துணி மூட்டைக்குள்ளே, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் என்று ஒன்றுவிடாமல் தேடினோம்.

"ஏட்டி, மாம்பழக் கலர எங்கயாச்சும் பாத்தியா?"

"இல்லம்மா."

"கால் மொளச்சா போச்சி? டீச்சர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அவுக தெருவே அவுக சொல்லித்தான் எங்கிட்டத் தைக்க வருது."

எனக்கும் அதுதான் பயம். டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சன்னதித் தெருக்காரர்கள் பாதிப்பேர் வேறு டெய்லரிடம் போய்விடுவார்கள். அம்மாவுக்கு ஆடியில் வேலை இல்லை, ஆவணியில்தான் எல்லாம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அளவு ஜாக்கெட் கிடைக்காமலே, சாயங்காலம் அம்மா டீச்சரின் புதுத் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட ஆரம்பித்தாள். பட்டு! ஒரு வெட்டுத் தப்பினால் போயிற்று. பயத்தில் அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பக்கத்தில் அவளுடைய சின்ன நோட்டு திறந்து கிடந்தது. 'உ.டீ.' என்று தலைப்புப் போட்டு 36, 37, 38, 38½, 39½ என்று வருட வாரியாக எழுதியிருந்தாள். உளுந்தும் டீத்தூளும் என்று நினைக்கிறேன். இந்த நேரத்தில் மளிகைக் கணக்கு.

ஆகஸ்ட் 5

ஹெச்.எம். என்னை வராண்டாவில் கூப்பிட்டார்.

"கழுத்து போன தடவ மாதிரியே இருக்கட்டும்னு அம்மாட்ட சொல்லு."

"சரி டீச்சர்."

"ஏன் நடுங்குத? காய்ச்சலா?"

"சாரல் டீச்சர்."

"சாரல் வெளிய அடிக்கி. நீ உள்ள நிக்க."

ஆகஸ்ட் 7

ரோஸ்லின் அக்கா படம் அனுப்பியிருக்கிறார். ஏதோ அம்மன் கோயில் கொடை. சீரியல் விளக்குக்கு நடுவே, கன்னம் எல்லாம் மினுமினுக்க, ஹெச்.எம். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கையைத் தூக்கிப் பாடுகிறார். பார்த்ததும் சிரிப்பு வந்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8

உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இல்லை, ரோஸ்லின் அக்காவிடம்.

அம்மா நூல் வாங்கப் போயிருந்தாள். மொட்டை மாடியில் நின்று போன் பண்ணினேன். நான் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் விசும்பல் போல ஏதோ கேட்டது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிப்பு. மூச்சு வாங்கச் சிரித்தார்.

"அப்ப நா ஹெச்.எம். ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டா குத்துப்பாட்டு பாடுனேன்? அதுதான் முன்னால இருந்த பசங்க எல்லாம் கைகட்டி உக்காந்திருந்தானுங்க."

"அக்கா, திருப்பிக் குடுத்துருவீங்களா?"

"குடுக்காம? ஆனா எனக்கு ஆவணி முழுக்கக் கச்சேரி இருக்குது. இதே அளவுல, அந்த டைமண்டுத் துண்டு வச்சு, இன்னொண்ணு எனக்கு வேணும். கூலி தந்துர்றேன்."

"அம்மாதான் தைக்கணும்."

"அப்ப அம்மாகிட்டச் சொல்லித்தானே ஆகணும், கண்ணு."

ஜாக்கெட்டை நேராகக் கூரியரில் போட்டுவிடுங்கள் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. போன வருடம் அப்படி அனுப்பிய மேடைப் புடவை ஒன்று வழியிலேயே தொலைந்து, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதாம். "நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நானே இத ஆப்புல விக்கப் போடறேன். அதே வெல. நீ வாங்கிக்க. இருபத்தொம்பது ரூவாதான். தொலஞ்சாலும் கிழிஞ்சாலும் உம் பணம் பத்திரம்."

எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது! இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன்.

பின்குறிப்பு: தூங்க முடியவில்லை. வாங்குவதற்கு அம்மாவின் பின் நம்பர் வேண்டும்.

ஆகஸ்ட் 9

எட்டு மணிக்கு ரோஸ்லின் அக்கா போட்டுவிட்டார். 'தலைமையாசிரியை ஜாக்கெட். போட்டால் கூட்டம் அமைதியாக இருக்கும்' என்று எழுதியிருந்தார். எட்டு மூன்றுக்குப் பார்க்கிறேன், மதுரையில் ஒருவர் அதற்கு இதயம் போட்டிருக்கிறார். 'அளவு என்ன, உடனே வாங்கலாமா' என்று கேள்வியும் கேட்டிருக்கிறார்.

அம்மா கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றேன்.

"எம்மா, ஒன் பின் நம்பரப் போடு."

"எதுக்கு?"

"மொதல்ல போடும்மா. மதுரக்காரி வாங்கிருவா."

"எத?"

"டீச்சர் ஜாக்கெட்ட."

அம்மா என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். திரையில் மாம்பழக் கலர், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல். மாவுக் கையோடு நான்கு எண்களையும் அழுத்தினாள். 'வாங்கியாயிற்று' என்று வந்தது. திரை முழுக்க மாவு.

"இப்பச் சொல்லு."

சொன்னேன். சீட்டு எப்படியோ கழன்றது என்று முதல் நாள் இங்கே எழுதியிருக்கிறேன். அது எப்படியோ கழலவில்லை. போன மாதம் ஒரு நாள் காலையில் துப்பட்டாவுக்குப் பின் கிடைக்காமல், அதிலிருந்து நான்தான் கழற்றினேன். சாயங்காலம் திருப்பிக் குத்திவிடலாம் என்று நினைத்து மறந்துபோனேன். வீடு கூட்டும்போது சீட்டு குப்பையோடு போயிருக்கும். சீட்டில்லாமல் கிடந்த ஜாக்கெட்டைக் கட்டைப்பையில் போட்டதும் நான்தான். அந்தப் பின் இவ்வளவு நாளும் என் துப்பட்டாவில்தான் இருந்தது. கழற்றி அம்மா கையில் வைத்தேன்.

அம்மா அதைத் தாலிக்கயிற்றில் மாட்டிக்கொண்டாள்.

"வித்ததுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லல. நான் கட்டிலத் தூக்கித் தேடுனப்ப நீயும் ஒரு பக்கம் புடிச்சிக்கிட்டுத் தேடுன பாத்தியா, அதுக்குத்தான் ரெண்டு போடணும்போல இருக்கு."

அழுதுவிட்டேன். அம்மா முந்தானையால் போனைத் துடைத்துத் திரையைப் படித்தாள்.

"இது என்னட்டி இருபத்தொம்பது ரூவா?"

"வாங்குறவங்களுக்குப் பாதுகாப்பும்மா."

"விக்கிறவளுக்கு?"

"கெடையாது."

"அப்ப இனிமே வாங்கு. விக்காத."

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. தோசை சாப்பிடும்போது கேட்டேன். "அளவு ஜாக்கெட் இல்லாம பட்ட வெட்டிட்டியேம்மா, தப்பாப் போனா?"

அம்மா குரலைத் தாழ்த்தினாள், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். "அது அவுகளுக்குப் பத்து வருசமா உள்ள போகாது. ஒவ்வொரு தடவையும் கண்ணால பாத்து நானே அரை இஞ்சு, ஒரு இஞ்சு கூட்டிப்புடுவேன். 'பாத்தியா பேச்சி, அதே அளவு'ம்பாவ. நானும் 'ஆமா டீச்சர்'ம்பேன். நீ எங்கயும் மூச்சு விட்டிராத."

அப்படியானால் அது உளுந்தும் டீத்தூளும் இல்லை.

ஆகஸ்ட் 12

பார்சல் இன்னும் வரவில்லை. மதுரை வந்து நிற்கிறது. மதுரைக்காரி ஞாபகம் வந்தது.

ரோஸ்லின் அக்காவுக்கு மயில் கழுத்து நிறத்தில் ஜாக்கெட் தயாராகிறது. அம்மா அவரோடு அரை மணி நேரம் போனில் பேசினாள். அவருக்கு முப்பத்தாறு அங்குலம்தான், பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய டீச்சரேதான் என்றாள். கொக்கி முழுக்க நான் தைத்தேன். இரண்டைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் 14

வந்துவிட்டது!

ஆப் கேட்கிறது: 'பொருள் விவரித்தபடி உள்ளதா? குறை இருந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்.' இப்போது நான் பாதுகாக்கப்பட்ட ஆள். அம்மாவும் நானும் ஜாக்கெட்டை விளக்கடியில் விரித்துப் பார்த்தோம். மல்லிப்பூ வாசம். இடது கைக் கொக்கி, ஆடவே ஆடாதபடி, அழகாகத் தைக்கப்பட்டிருந்தது. நான் சும்மா சொன்ன குறையை அவர் நிஜமென்று நம்பியிருக்கிறார். மடிப்புக்குள் எல்லாம் மினுமினுப்புப் பொடி. தட்டித் தட்டி எங்கள் இரண்டு பேர் மூக்கிலும் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

'எல்லாம் சரி' என்று அழுத்தி, ஐந்து நட்சத்திரம் போட்டேன். ரொம்ப நேர்மையானவர் என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றும்போது ஹெச்.எம். கயிற்றை இழுக்கக் கையை உச்சிக்குத் தூக்கினார். ஜாக்கெட் எங்கும் பிடிக்கவில்லை. எல்லாரும் கொடியைப் பார்த்தார்கள். நான் அக்குளைப் பார்த்தேன். சாக்லேட் கொடுத்தார்கள், இரண்டு.

ஆகஸ்ட் 18

டீச்சர் வந்து, உள்ளறையில் புது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தார். வெளியே வந்து, சுவரில் இல்லாத கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்தார்.

"பாத்தியா பேச்சி, பன்னெண்டு வருசமா அதே அளவு."

"ஆமா டீச்சர்."

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் சிரித்திருப்பேன்.

பிறகு மாம்பழக் கலரை எடுத்து விரித்தார். அதிலிருந்து ஒரே ஒரு மினுமினுப்பு அவர் சுட்டுவிரலில் ஒட்டிக்கொண்டது. விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"தையக்காரி வீடுல்லா டீச்சர். சமிக்கி எதுலயும் ஒட்டும்," என்றாள் அம்மா.

"வாசமும் நல்லா இருக்கே. மல்லிப்பூவா?"

"பூச்சி அரிக்காம இருக்கும்னு வச்சேன்."

டீச்சர் என்னை ஒரு தடவை பார்த்தார். ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 21

நேற்று நிச்சயம் முடிந்தது. இன்று முதல் பீரியடில் ஹெச்.எம். ரூமுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. பி செக்‌ஷனே என்னைத் திரும்பிப் பார்த்தது. சமிக்கி விஷயம்தான் என்று முடிவு செய்துகொண்டேன். நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி போனேன்.

டீச்சர் கதவைச் சாத்தச் சொன்னார். மேஜையில் ஒரு கவரும், மாம்பழக் கலர் ஜாக்கெட்டும் இருந்தன.

"கவர்ல நிச்சயத்து லட்டு. இத அம்மாட்டயே திருப்பிக் குடுத்து வச்சிக்கச் சொல்லு. தங்கச்சிகிட்டக் காட்டல."

"ஏன் டீச்சர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் ஹெச்.எம். கண்ணாடி இல்லாமல் வேறு யாரோபோல இருந்தார்.

"ஒரு விசயம் சொல்லுதேன். ஒங்கம்மாட்டச் சொல்லக் கூடாது. இந்த ஜாக்கெட்டு எனக்கு உள்ளயே போகாது. வருசக் கணக்காச்சி. தங்கச்சி கேட்டான்னுதான் வாங்குனேன், ஆனா வேற டெய்லரு இதே அளவுக்கே தைச்சிருவா."

நான் லட்டுக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்கம்மாவுக்குத் தைக்கத் தெரியும். அளவெடுக்கத்தான் தெரியல. இத வச்சி எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலா எடுத்துருதா. அந்தத் தப்பு எனக்குச் சரியா வந்து உக்காருது. வேற அளவு குடுத்தா அதுலயும் கூட்டித் தொலைப்பா. சொல்லிக் காட்டுனா பாவம், மனசு கஷ்டப்படும். திருத்திக்கிட்டாலும் எனக்குத்தான் நஷ்டம்."

"சரி டீச்சர்."

"கணக்குல நீ எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு டீச்சர்."

"அது ஒங்கம்மா தப்பு மாதிரி இல்ல. அந்தத் தப்பெல்லாம் திருத்தணும். போ."

வராண்டாவில் நின்று ஒரு லட்டைச் சாப்பிட்டேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பயமில்லாமல் நடந்த முதல் நாள் இதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் அம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள். "எதுக்கு இது திரும்பி வந்துருக்கு? என்ன சொன்னாவ டீச்சர்?"

"ஒன் தையலு நல்லா இருக்காம். அடுத்த தடவைக்கு வச்சிக்கச் சொன்னாவ."

"அளவப் பத்தி எதுவும் கேட்டாவளா?"

"அதே அளவுதானாம்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ரோஸ்லின் அக்காவிடமிருந்தும் மெசேஜ் வந்திருக்கிறது. மயில் கழுத்து நிறம் கச்சிதமாம், குழுவில் இன்னும் இரண்டு பாடகிகளுக்கு வேண்டுமாம். அவர்களும் அளவு ஜாக்கெட் அனுப்புவார்களாம்.

புதுச் சீட்டில் 'உலகம்மை டீச்சர்' என்று பெரிய எழுத்தில் எழுதி, மாம்பழக் கலரில் குத்தினேன். ஒன்றுக்கு இரண்டு பின். நாளைக்குத் துப்பட்டாவுக்குப் பின் இல்லை. பி.டி. டீச்சர் வரிசையில் நிறுத்தினால் நின்றுகொள்ள வேண்டியதுதான்.